தம்பி வாசித்ததை 3 லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள், படிப்பை விடலாமா?

கேள்வி:

ஐயா, வணக்கம். எங்களுக்குத் தங்கச்சிமடம். அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். நான் ராமநாதபுரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். தம்பிக்கு 20 வயது, பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் கடைசி வருடம். சின்ன வயதில் கோயில் பாடற்குழுவில் கிட்டார் பழகினான். கொரோனா ஊரடங்கில் யூடியூப் பார்த்து மெட்டல் என்கிற அதிரடி ராக் இசைப் பக்கம் போனவன் திரும்பி வரவில்லை. பின்கட்டு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ராத்திரி இரண்டு மணிவரை வாசிக்கிறான். வெளிநாட்டுக் குழு ஒன்றின் பாட்டை அவன் வாசித்துப் போட்ட ஒரு நிமிட வீடியோவை 3 லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். பிரேசிலில் இருந்தும் இந்தோனேசியாவில் இருந்தும் பாராட்டி எழுதுகிறார்கள். அதிலிருந்து, படிப்பை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போகிறேன் என்கிறான். எட்டுக் கம்பி கிட்டார் ஒன்று வேண்டுமாம், ஒன்றேகால் லட்சம். என் நகையை அடகு வைத்து வாங்கித் தரச் சொல்கிறான். ஏதோ ஒரு கிட்டார் கம்பெனி அவனைத் தங்கள் கலைஞராகச் சேர்த்துக்கொள்வதாக மெசேஜ் அனுப்பியிருக்கிறது. அப்பா அவனோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். அம்மா அந்தக் கத்தலைக் கேட்டுப் பயப்படுகிறார். எனக்கு அந்த இசை புரியவில்லை. ஆனால் அவன் விரல் ஓடுவதைப் பார்த்தால் சாதாரண விஷயம் இல்லை என்று தெரிகிறது. இன்டர்நெட் மூலமாக இப்படி மேலே வந்தவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்களா? நான் என்ன செய்யட்டும்? கொஞ்ச நாளாக இடது மணிக்கட்டு வலிக்கிறது என்றும் சொல்கிறான்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தங்கச்சிமடம்

பதில் (கிட்டார் ஆசிரியர், ஒலிப்பதிவுக் கலைஞர், சென்னை):

அன்புள்ள தங்கைக்கு,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பியிருந்த வீடியோவை ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்த்தேன். வேகத்தைப் பாதியாகக் குறைத்தும் பார்த்தேன். உங்கள் கண் சொன்னது சரி. மெட்டல் வாசிப்பில் வெளியாட்களுக்கு இடது கை ஓடுவதுதான் தெரியும். தெரிந்தவர்கள் வலது கையைக் கவனிப்பார்கள். உள்ளங்கையின் ஓரத்தை, கம்பிகள் மாட்டியிருக்கும் பிரிட்ஜ் மேல் வைத்துக் கம்பியை அமுக்கி, மீட்டும் வில்லையான பிக்கை மேலும் கீழும் ஒரே அளவில் ஓட்டி, வேண்டாத கம்பி ஒன்றுகூட நடுவில் முனகாமல் பார்த்துக்கொள்வதற்குப் பல வருட உழைப்பு வேண்டும். அது தம்பியிடம் இருக்கிறது. ஸோலோ, அதாவது கிட்டார் தனித்து ஓடும் பகுதி, முடிகிற இடத்தில் மட்டும் தாளத்தை முந்திக்கொண்டு ஓடுகிறான். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை மெதுவாக வைத்துப் பழகினால் அது சரியாகிவிடும்.

இப்போது உங்கள் கேள்வி. இருக்கிறார்கள். வீட்டு அறையில் உட்கார்ந்து வாசித்தே உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய மெட்டல் கிட்டார் கலைஞர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். அப்பாவிடம் இதைத் தைரியமாகச் சொல்லலாம். ஆனால் தம்பி அவர்கள் வாசிப்பதைப் பார்த்த அளவுக்கு, அவர்கள் வந்த வழியைப் பார்க்கவில்லை என்று தோன்றுகிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், அவனும் படிக்கட்டும்.

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மைக் வார்னி என்பவர் ஷ்ராப்னல் ரெக்கார்ட்ஸ் என்ற சிறிய இசைத்தட்டு நிறுவனம் நடத்தினார். பெயர் தெரியாத திறமைசாலிகளை அறிமுகப்படுத்தும் பகுதி ஒன்றை ஒரு கிட்டார் பத்திரிகையிலும் எழுதி வந்தார். எங்கெங்கோ இருந்த பையன்கள் கேசட்டில் வாசித்துப் பதிவு செய்து அவருக்குத் தபாலில் அனுப்புவார்கள். ஸ்வீடனில் இருந்து இங்வே மால்ம்ஸ்டீன் அனுப்பிய கேசட் அப்படித்தான் அவர் கைக்குப் போனது. 1983இல் மால்ம்ஸ்டீன் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார், அடுத்த வருடமே தனி ஆல்பம் வந்தது. கிட்டாரில் வேகம் என்றால் என்ன என்பதே அதற்குப் பிறகு மாறிப்போனது. ஆனால் அந்தக் காலத்தில் நுழைய வேண்டும் என்றால் அப்படி ஒருவருடைய காதுக்குப் பிடிக்க வேண்டும். தங்கச்சிமடத்துப் பையனுக்கு அந்த முகவரி கிடைப்பதே கஷ்டமாக இருந்திருக்கும்.

2005இல் யூடியூப் வந்தது. அந்த வருடக் கடைசியில் ஒரு வீடியோ ஏறியது. தொப்பியை முகம் தெரியாதபடி இறக்கிவிட்டுக்கொண்டு, தன் அறையில் உட்கார்ந்து ஒரு கொரிய இளைஞர் வாசிக்கிறார். பாகெல்பெல் என்ற ஜெர்மானியர் 300 வருடங்களுக்கு முன் எழுதிய 'கேனன்' இசையை, தைவானைச் சேர்ந்த ஜெரிசி என்ற இளைஞர் ராக் வடிவத்துக்கு மாற்றியிருந்தார். அதைத்தான் இவர் வாசித்தார். 'ஃபன்டூ' என்ற புனைபெயரைத் தவிர வேறு எதுவும் யாருக்கும் தெரியாது. கோடிக்கணக்கான முறை பார்க்கப்பட்டது அந்த வீடியோ. அடுத்த வருடம் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் தேடிப் பிடித்து எழுதிய பிறகுதான், அவர் பெயர் லிம் ஜியோங் ஹியூன் என்று உலகத்துக்குத் தெரிந்தது. நடுவில் யாரும் இல்லாமல், ஓர் அறையில் இருந்து நேராக உலகத்தின் காதுக்குப் போய்விட முடியும் என்று எங்களுக்கெல்லாம் அது காட்டியது. தம்பி இப்போது நிற்பது அந்த இடத்தில். சரி, அதற்குப் பிறகு மெட்டல் கிட்டாரையே மாற்றிப்போட்டவர்கள் யார்?

அமெரிக்காவில், வாஷிங்டனை ஒட்டிய மேரிலாந்துப் பகுதியில் மிஷா மன்சூர் என்று ஒரு பையன். 'பல்ப்' என்ற பெயரில், வீட்டில் தானே பதிவு செய்த இசைத் துண்டுகளை இணையத்தில் போட்டுக்கொண்டே இருந்தார். டிரம்ஸைக் கம்ப்யூட்டரில் தானே அமைத்தார். பெரும்பாலும் வெறும் ஒலிதான், முகம்கூடக் கிடையாது. ஆனால் எல்லாமே சொந்தச் சரக்கு. ஏழு கம்பி கிட்டார்ப் பிரியர்கள் அவற்றை ஒருவருக்கொருவர் அனுப்பிக் கேட்டார்கள். 2005இல் பெரிஃபெரி என்ற குழுவைத் தொடங்கினார். அதன் முதல் ஆல்பம் வந்தது 2010இல். இடையில் 5 வருடம். பாடகர் மாறினார், ஆட்கள் மாறினார்கள், பதிவு செய்வது மட்டும் நிற்கவில்லை. ஆல்பம் வெளிவந்தபோது அதில் இருந்த பல மெட்டுகள் ரசிகர்களுக்கு ஏற்கெனவே மனப்பாடம்.

தம்பி கேட்கிற எட்டுக் கம்பி கிட்டார் என்றதும் இன்று எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறவர் டோசின் அபாசி. நைஜீரியாவில் இருந்து அமெரிக்காவில் குடியேறிய பெற்றோரின் மகன். தனி ஆல்பம் போடலாம் என்று ஒரு நிறுவனம் அழைத்தபோது முதலில் வேண்டாம் என்றார். அட்லாண்டாவில் ஓர் இசைப்பள்ளியில் படிப்பை முடித்துவிட்டு வந்த பிறகுதான் ஒப்புக்கொண்டார். அனிமல்ஸ் ஆஸ் லீடர்ஸ் என்ற பெயரில் 2009இல் வந்த அந்த முதல் ஆல்பத்துக்கு டிரம்ஸ் அமைத்துக் கொடுத்தவர், மேலே சொன்ன அதே மிஷா மன்சூர். ஒருவர் வளர்ச்சியில் இன்னொருவர் கை இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் சிட்னியில் ப்ளினி. கட்டடக்கலை படித்தவர். 2013இல் இருந்து சின்னச் சின்ன ஆல்பங்களாகத் தானே செய்து பேண்ட்கேம்ப் தளத்தில் விற்றார். 2016இல் வந்த முதல் முழு ஆல்பத்தையும் தானேதான் வெளியிட்டார். அவரைவிட வேகமாக வாசிப்பவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் அவர் மெட்டு ஒன்றைக் கேட்டால் மறுநாள் வாய் தானாக முணுமுணுக்கும். அவர் இசையில் கத்தல் கிடையாது, பாட்டே கிடையாது, வெறும் வாத்தியம்தான். வீட்டில் போட்டுவிடுங்கள், அம்மாகூட உட்கார்ந்து கேட்பார்.

நம் நாட்டிலேயே ஆள் இருக்கிறார். டெல்லியில் கேஷவ் தர் தன் வீட்டில் பதிவு செய்து இணையத்தில் போட்டவை இங்கிலாந்தில் டேனியல் டாம்கின்ஸ் என்ற பாடகர் காதுக்கு எட்டின. அவர் அங்கிருந்தபடியே பாடி அனுப்பினார். அப்படி உருவான ஸ்கைஹார்பர் குழுவின் முதல் ஆல்பம் 2012இல் வந்தது. அதில் மெகாடெத் குழுவின் முன்னாள் கிட்டார் கலைஞர் மார்ட்டி ஃப்ரீட்மனும் வாசித்திருக்கிறார்.

மிஷா மன்சூரில் தொடங்கி இவர்கள் எல்லோரும் அபார வாசிப்புக்காரர்கள்தான். ஆனால் ஒருவர்கூட அடுத்தவர் பாட்டை வாசித்து இந்த இடத்துக்கு வரவில்லை. சொந்தமாக இசை எழுதினார்கள். ஒன்று ஓடவில்லை என்றால் அடுத்ததைப் போட்டார்கள். அந்த இசையைக் கேட்டு ஒரு பாடகரோ, டிரம்ஸ்காரரோ, ஒலிப்பதிவாளரோ தேடி வந்து சேர்ந்தார். தம்பியின் வீடியோவைப் பார்த்த 3 லட்சம் பேரில் பெரும்பாலானவர்கள் அந்த வெளிநாட்டுக் குழுவின் ரசிகர்கள். பாட்டு அவர்களுக்கு ஏற்கெனவே பிடிக்கும், அதனால் தளம் அவர்கள் முன்னால் கொண்டுபோய் வைத்தது. பாராட்டு பொய் என்று சொல்ல வரவில்லை. அந்த வீடியோவுக்குப் பிறகு போட்டதை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று மட்டும் அவனிடம் கேளுங்கள். சொந்த மெட்டு என்று ஏதாவது போட்டிருக்கிறானா என்றும் கேளுங்கள். தேடிப் பார்த்தேன், என் கண்ணில் ஒன்றும் படவில்லை.

ஆகவே தம்பிக்கு நான் சொல்வது ஒன்றுதான். அடுத்த சில மாதங்களுக்கு வேறு எவர் பாட்டையும் வீடியோ எடுத்துப் போட வேண்டாம். கற்றுக்கொள்ள வாசிக்கட்டும், அது அவசியம். போட வேண்டாம். முழுக்கத் தன்னுடையதாக ஐந்து நிமிட இசை ஒன்றை எழுதி, டிரம்ஸ் அமைத்து, பேஸ் கிட்டார் வாசித்து முடிக்கட்டும். முதலாவது இசை சுமாராகத்தான் வரும். பரவாயில்லை, பத்தாவது அப்படி வராது.

இதில் அவனுக்குக் கிடைத்திருக்கிற ஒரு வசதியைச் சொல்ல வேண்டும். இன்றைய மெட்டலில் பாதி விளையாட்டு கணக்கில்தான் இருக்கிறது. ஸ்வீடனின் மெஷுகா குழு காட்டிய வழி அது. டிரம்ஸில் நான்கு நான்காக ஓடும்; கிட்டார் அதன் மேல் ஐந்தைந்தாகவோ ஏழேழாகவோ வெட்டிக்கொண்டு போய், சரியான இடத்தில் வந்து சேரும். உலகமெங்கும் பையன்கள் இதைக் காகிதத்தில் எண் போட்டு எண்ணித் திணறுகிறார்கள். நமக்குத் தாளத்தை வாயால் சொல்லும் சொற்கட்டு இருக்கிறது. தகதகிட, தகதகிட, தகதிமிதக என்று வாயால் சொல்லட்டும். ஐந்து, ஐந்து, ஆறு, மொத்தம் பதினாறு. நான்கு எண்ணிக்கையுள்ள ஒரு சுற்றுக்குக் கச்சிதமாக அடங்கிவிடும். அந்தப் பதினாறில் எங்கெங்கே தகாரம் விழுகிறதோ அங்கெல்லாம் தடித்த கம்பியை அடித்தால் ஒரு ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் சிறு கிட்டார் மெட்டு, தயார். அடுத்தது தகிட தகதிமி, ஏழு. அதை நான்கு முறை சொல்லிக் கடைசியில் ஒரு தகதிமி சேர்த்தால் முப்பத்திரண்டு, இரண்டு சுற்று.

உங்கள் மாவட்டத் தலைநகரின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்ட வித்வான்கள் எத்தனை பேர்! பாஸ்கர சேதுபதி ஆதரித்த பூச்சி ஸ்ரீநிவாச ஐயங்கார், மிருதங்கம் ராமநாதபுரம் சி. எஸ். முருகபூபதி, பாட்டுக்கு ராமநாதபுரம் கிருஷ்ணன். முருகபூபதியின் மிருதங்கப் பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன, தம்பி கேட்கட்டும். கம்பியை இழுத்து, சுரத்தை அசைக்கும் கமகம் கொண்டுவருவதற்கு மாண்டலின் உ. ஸ்ரீநிவாஸைக் கேட்கட்டும். கிட்டாரிலேயே கேட்க வேண்டும் என்றால் கர்நாடக இசையைக் கிட்டாரில் வாசிக்கும் நம் பிரசன்னா இருக்கிறார், கேரளத்தின் மதர்ஜேன் குழுவில் வாசித்த பைஜு தர்மஜன் இருக்கிறார். ஆனால் மெட்டல் ரிஃப் மேல் நாலு தவில் அடியை ஒட்டவைத்து 'தமிழ் மெட்டல்' என்று பெயர் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். அது ஒரு வாரம் ஓடும், அவ்வளவுதான். கணக்கும் கமகமும் கைக்குள் இறங்க வருடங்கள் ஆகும். இறங்கிவிட்டால், இரண்டு சுரம் கேட்டதும் இது இவன்தான் என்று தெரிந்துவிடும்.

படிப்பு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை, முடிக்கட்டும். மீதம் இருப்பது சில மாதங்கள். மெக்கானிக்கல் படிப்பு அவன் கிட்டாருக்கே உதவும். கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட் தேய்ந்தால் சமன் செய்வது, கம்பியின் உயரம் வைப்பது, தலைப்பக்கம் கம்பியைத் தாங்கும் நட்டை வெட்டுவது எல்லாம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அதற்கும் குறைவு என்று அளந்து செய்கிற அரம் வேலை. தென்மாவட்டங்களில் இதை ஒழுங்காகச் செய்ய ஆள் தேடி மதுரைக்கும் சென்னைக்கும் கிட்டாரை அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். டிப்ளமாவை முடித்துவிட்டு இந்த வேலையைக் கற்றுக்கொண்டால் நல்ல வருமானம் உண்டு, வாத்தியத்தை விட்டு விலகவும் வேண்டாம்.

சென்னைக்கு இப்போது வர வேண்டாம். இங்கே மெட்டல் வாசித்து வாடகை கட்டுவது நடக்காத காரியம். மேடை நிகழ்ச்சிகள் குறைவு, பெரிய மெட்டல் ரசிகர் கூட்டம் பெங்களூரில்தான். சினிமா ஒலிப்பதிவில் கிட்டாருக்கு வேலை இருக்கிறது. ஆனால் அங்கே கேட்பது வேறு: நைலான் கம்பி கிட்டாரில் மெல்லிய மீட்டல், கார்டு எனும் சுரக்கூட்டுக் குறிப்பைப் பார்த்தவுடன் வாசிப்பது, சொன்ன இடத்தில் சொன்ன அளவு மட்டும் வாசிப்பது. அதைக் கற்றுக்கொண்டு, கையில் நாலைந்து சொந்தப் பாட்டோடு, தெரிந்தவர்கள் சிலர் ஆன பிறகு வரலாம். அவன் இசையைக் கேட்கிறவனுக்கு அவன் தங்கச்சிமடத்தில் இருக்கிறானா தாம்பரத்தில் இருக்கிறானா என்பது ஒரு பொருட்டே இல்லை.

வீட்டில் இருந்தால் கிடைக்காதது ஒன்றே ஒன்று, மனிதர்களோடு சேர்ந்து வாசிப்பது. கம்ப்யூட்டர் டிரம்ஸ் ஒருபோதும் தடுமாறாது, அதனால் அதோடு மட்டுமே வாசித்து வளர்ந்தவன் மேடையில் தடுமாறுவான். அதற்குத்தான் கோயில் பாடற்குழு. ஞாயிறு திருப்பலிக்கு வாசிப்பதை விட்டுவிட்டான் என்றால் மறுபடி போகச் சொல்லுங்கள். பாடுகிறவர் மூச்சுக்குத் தக்கபடி நின்று வாசிக்கவும், தன் சத்தத்தை அடக்கிக்கொள்ளவும் அங்கே பழகலாம். அம்மாவின் பயமும் பாதி குறையும்.

இனி கிட்டார். உங்கள் நகையை அடகு வைக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கரையில் நிற்கிற 61 நாள். அந்த மாதங்களில் வட்டி கட்ட வேண்டிய சுமையும் உங்கள் சம்பளத்தின் மேல்தான் விழும். எட்டுக் கம்பி இல்லாமல் எழுத முடியாத இசை அவனிடம் இருக்கிறதா என்று முதலில் ஆறு கம்பியில் எழுதிப் பார்க்கட்டும். கம்பியைத் தளர்த்தித் தாழ்ந்த சுருதியில் கட்டியே எத்தனையோ குழுக்கள் உலகப் புகழ் பெற்றிருக்கின்றன.

செலவு செய்வதாக இருந்தால், பத்துப் பதினைந்தாயிரத்துக்குள் கிட்டாரைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இரண்டு சேனல் ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வாங்கலாம். இப்போது போனிலேயே பதிவு செய்கிறான் என்று அந்த வீடியோவின் சத்தத்தில் தெரிகிறது. பதிவு செய்ய ரீப்பர் மென்பொருளை 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். பிடித்திருந்தால் தனிநபர் உரிமம் 60 டாலர். கிட்டார் ஒலிபெருக்கியான ஆம்ப்பின் சத்தத்துக்கு நியூரல் ஆம்ப் மாடலர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, விலை உயர்ந்த ஆம்ப்புகளோடு போட்டி போடும். எஃபெக்ட் எதுவும் சேராத வெறும் கிட்டார் ஒலியையும் தனியாகப் பதிந்து வைக்கச் சொல்லுங்கள். பிறகு சத்தத்தை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். வீடியோவை வேகப்படுத்திப் போட்டுவிட்டான் என்று எவனாவது சொன்னால், அதை எடுத்துக் காட்டி வாயை அடைக்கவும் முடியும். மெட்டல் உலகத்தில் அந்தச் சந்தேகம் எப்போதும் உண்டு.

அதற்கும் முன்னால் ஓர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த அறையில் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வீடியோவில் கிட்டார் ஓய்கிற இடமெல்லாம் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் கேட்கிறது. கம்பியைத் தொட்டால் அது குறைகிறதா என்று தம்பியைக் கவனிக்கச் சொல்லுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அவன் ஆசைப்படுகிற எட்டாவது கம்பியின் சுருதி ஏறத்தாழ 46 ஹெர்ட்ஸ். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். மெட்டலுக்கு ஒலியை ஏற்ற ஏற்ற இரைச்சலும் சேர்ந்து ஏறி, ஆசைப்பட்ட கம்பியின் சத்தத்தையே விழுங்கிவிடும். எர்த் இல்லாத வீட்டில் ஷாக் அடிக்கிற ஆபத்தும் இருக்கிறது, இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

உப்புக்காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1914இல் திறந்த பாம்பன் பாலத்தில் ரயிலை 2022 டிசம்பரில் நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்கு உள்ளே போடும் கம்பியில் இருந்து மேலே அடிக்கும் பூச்சு வரை துருப்பிடிக்காததாகப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். அதே காற்றுதான் தம்பி அறைக்குள்ளும் வருகிறது. வாசித்து முடித்ததும் கம்பியை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். சுவரில் மாட்டாமல், சிலிகா ஜெல் பொட்டலம் போட்டுப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். பூச்சுப் பூசிய கம்பி விலை கூடுதல்தான், ஆனால் உங்கள் ஊரில் அதுதான் லாபம். பிரிட்ஜ் திருகுகளில் அவ்வப்போது ஒரு சொட்டு எண்ணெய். ஒன்றேகால் லட்சம் கொடுத்து வாங்கினாலும் இதைச் செய்யாவிட்டால் அந்தக் கிட்டாருக்கு அங்கே ஆயுசு குறைவு.

அந்தக் கம்பெனி மெசேஜை எனக்கு அனுப்பியிருக்கலாம். பார்க்காமல் முழுசாகச் சொல்ல முடியாது. ஆனால் வீடியோ ஓடியவுடன் இந்த மாதிரி மெசேஜ் நிறைய வரும். 'நீ எங்கள் கலைஞர், உனக்கு மட்டும் தள்ளுபடி விலை' என்று சொல்லி, கடைசியில் அவனையே பணம் கட்டி வாங்கவைப்பார்கள். அது வியாபாரம், கௌரவம் ஒன்றும் இல்லை. ஒழுங்கான நிறுவனம் என்றால் எழுத்தில் ஒப்பந்தம் தரும். எத்தனை காலம், வேறு கிட்டார் வாசிக்கலாமா, எத்தனை வீடியோ தர வேண்டும், அவை யாருக்குச் சொந்தம், சுங்க வரி யார் கட்டுவது என்று கேட்டுப் பதில் எழுதச் சொல்லுங்கள். முன்பணம் கேட்டால் பேச்சை அதோடு நிறுத்திவிடுங்கள்.

வருமானத்தைப் பற்றி அப்பா கேட்பார், கேட்க வேண்டியவர்தான். யூடியூப் விளம்பரப் பணத்தில் பங்கு தர வேண்டும் என்றால் 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அதோடு 12 மாதத்தில் 4,000 மணி நேரம் மக்கள் பார்த்திருக்க வேண்டும், அல்லது 90 நாளில் ஷார்ட்ஸ் 1 கோடி முறை ஓடியிருக்க வேண்டும். அதைத் தாண்டினாலும், அடுத்தவர் பாட்டை வாசித்தால் உரிமைக்காரர் அந்தப் பணத்தைத் தன் பக்கம் எடுத்துக்கொள்ள முடியும். 3 லட்சம் பேர் பார்த்தும் தம்பி கைக்கு ஒரு ரூபாய் வராமல் போகலாம். மிஷா மன்சூரே குழுவை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது என்று வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். கிட்டார் சத்தத்தை மாற்றும் பெடல் தயாரிக்கும் கம்பெனி, டிரம்ஸ் மென்பொருள் கம்பெனி என்று பக்கத்தில் தொழில்கள் வைத்திருக்கிறார். மற்ற கலைஞர்களுக்கும் வருமானம், பாடம் சொல்லித் தருவது, தங்கள் பாட்டின் குறிப்புகளை விற்பது என்று வருகிறது. தம்பிக்கு முதல் வருமானம் அநேகமாகப் பாம்பனிலோ ராமேஸ்வரத்திலோ பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுப்பதில்தான் வரும். அது அவனைப் பொறுமையான வாசிப்புக்காரன் ஆக்கும், எனக்கு அதில் நம்பிக்கை உண்டு.

அப்பாவிடம் 'கனவு', 'திறமை' என்றெல்லாம் பேசாதீர்கள். தேதி சொல்லுங்கள். டிப்ளமா இன்ன மாதம் முடியும், அதற்குப் பிறகு இரண்டு வருடம் வீட்டில் இருந்தபடி இதைச் செய்கிறான், பாடம் எடுத்தோ கிட்டார் வேலை செய்தோ தன் செலவைத் தானே பார்த்துக்கொள்வான், இரண்டு வருடம் கழித்து உட்கார்ந்து பேசுவோம் என்று. தடைக்காலத்தில் அவர் வீட்டில் இருப்பார். அப்போது ஒருநாள் அந்த அறைக் கதவைத் திறந்துவைத்துத் தம்பியை வாசிக்கச் சொல்லுங்கள், ஆம்ப் இல்லாமல், மெதுவாக.

மணிக்கட்டு வலியைக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது அது. வலியோடு வாசித்தே தீருவேன் என்று போய், மாதக்கணக்கில் வாத்தியத்தைத் தொட முடியாமல் ஆனவர்களை நான் அறிவேன். வீடியோவில் அவன் இடது மணிக்கட்டு ரொம்ப மடிந்திருக்கிறது, கட்டை விரலால் கிட்டாரின் கழுத்தை இறுக்கிப் பிடிக்கிறான். உட்கார்ந்து வாசித்தாலும் தோளில் மாட்டும் பட்டையைப் போட்டுக் கிட்டாரை உயர்த்திப் பிடிக்கட்டும், மணிக்கட்டு நேராகும். 25 நிமிடம் வாசித்தால் 5 நிமிடம் கையைத் தொங்கவிட வேண்டும். தொடக்கத்திலேயே வேகம் வேண்டாம். இரண்டு வாரத்துக்கு நேரத்தைப் பாதியாகக் குறைக்கட்டும். விரலில் மரத்துப்போவது, ராத்திரி ஊசி குத்துவது போன்ற உணர்வு, பிடி தளர்வது இவற்றில் ஒன்று இருந்தாலும் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். நீங்கள் அங்கேதானே வேலைக்குப் போகிறீர்கள், ஒருநாள் கூடவே அழைத்துக்கொண்டு போங்கள்.

தடைக்காலம் முடிவதற்குள் அந்த ஐந்து நிமிட இசையை அவன் முடித்துவிட்டால், இதே முகவரிக்கு அனுப்பச் சொல்லுங்கள். முழுப் பாட்டும் வேண்டும், எஃபெக்ட் சேராத கிட்டார் ஒலி தனியாகவும் வேண்டும். கேட்டுவிட்டு, எங்கே திருத்தலாம் என்று அவன் பெயருக்கே விவரமாக எழுதுகிறேன்.